சும்மா நின்றவர்கள்

வியாழக்கிழமை மாலை நாலரைக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. பொதுவான ஒரு தலைப்பு, பதினைந்தே நிமிடம். எங்கள் டீமில் ஒன்பது பேர். அதில் ஐந்து பேருக்கு அன்று அதே அழைப்பு, ஆளுக்கு ஒரு நேரத்தில். நான் அந்த ஐந்தில் ஒருவன். பதினோரு வருட அனுபவம், பேமென்ட் சிஸ்டங்களில் கைதேர்ந்தவன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தவன். மூன்று நாள் கழித்து ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். பழக்கதோஷம்தான். விசுவாசம் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குத் தெம்பில்லை.

பிரசங்கம் மத்தேயு 25. எஜமான் வெளியூர் போகிறான்; மூன்று ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்துபோய் மண்ணைத் தோண்டிப் புதைத்துவைக்கிறான். அவனுக்கு என்ன நடந்தது என்று சண்டே ஸ்கூல் போன எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாஸ்டர் நல்ல மனிதர். ஐடி ஆட்கள் நிறைந்த சென்னைச் சபை என்பதால் காலத்துக்கேற்றபடி பேசுவார். "ஏஐ வந்துருச்சுன்னு பயப்படாதீங்க. கர்த்தர் குடுத்த தாலந்த மண்ணுல பொதைக்காதீங்க. புதுசா கத்துக்கங்க, அப்டேட் ஆகுங்க" என்றார். பின்வரிசையிலிருந்து சத்தமாக ஒரு ஆமென். எனக்கு என்னவோ, போன மாதம் ஆபீஸ் டவுன்ஹாலில் கேட்ட பேச்சே திரும்ப ஓடுகிற மாதிரி இருந்தது. அங்கே கர்த்தர் மட்டும் இல்லை.

முடிக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். உங்கள் மதிப்பு உங்கள் வேலையில் இல்லையாம்; தேவனுடைய பிள்ளை என்பதில்தான் இருக்கிறதாம். இரண்டு பேச்சுக்கும் நடுவில் பத்து நிமிடம்கூட இருக்காது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து, மத்தியானம் தூக்கம் வராமல் புரண்டபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து இந்த உவமைகளையும் அவற்றைச் சுற்றி எழுதப்பட்டவற்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நேரம்தான் நிறைய இருக்கிறதே.

*

திருநெல்வேலிப் பக்கம் சபையில் வளர்ந்தவர்களுக்குத் தாலந்து என்றால் பாட்டு, பேச்சு, கோலம், மனப்பாட வசனம். தாலந்துப் போட்டியில் நான் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். "பிள்ளைக்கு நல்ல தாலந்து" என்று ஆச்சிமார் கன்னத்தைக் கிள்ளுவார்கள். தாலந்து என்பது உண்மையில் ஓர் எடை, அந்த எடைக்கான வெள்ளி, அதாவது காசு என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். சின்னக் காசும் இல்லை. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தாலந்து இருபது வருடக் கூலி. பாவம், அவனுக்கு ஒன்றுதானே கொடுத்தார்கள் என்று சின்ன வயதில் நான் பரிதாபப்பட்டவன், ஒரு மனிதனின் வேலைக்காலம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறான்.

அந்தக் காசுச் சொல், இந்த உவமைக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட விளக்கங்களின் வழியாகத்தான் ஐரோப்பிய மொழிகளில் திறமை என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆங்கிலத்தின் 'டேலண்ட்' அப்படி வந்ததுதான். தமிழில் தாலந்து என்று ஒலிபெயர்த்து வைத்தார்கள். சபைகள் அதையும் திறமையாக்கிவிட்டன. கம்பெனிகளில் ஆளெடுக்கும் பிரிவுக்கு இன்று 'டேலண்ட் அக்விசிஷன்' என்று பெயர். பணம் திறமையாகி, திறமை மறுபடி பணமாகி, ஒரு சுற்று முடிந்துவிட்டது. என் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெள்ளிக்கட்டி ஞாபகம் வருகிறது.

மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதிய 'புராட்டஸ்டண்ட் அறமும் முதலாளித்துவத்தின் உயிர்ப்பும்' நூலை இந்தச் சூழலில் மறுபடி எடுத்தேன். லூதர் பைபிளை ஜெர்மனுக்குக் கொண்டுவரும்போது, 'பெரூஃப்', அதாவது அழைப்பு என்ற சொல்லைச் சாதாரண உலகத் தொழிலுக்கும் கையாண்டதில் வேபர் ஒரு திருப்பத்தைக் காண்கிறார். அதுவரை துறவிகளுக்கு என்றிருந்த அழைப்பு செருப்புத் தைப்பவருக்கும் மாவு அரைப்பவருக்கும் உண்டு என்றானது. அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. படிப்பு வாசனை பிடித்த முதல் தலைமுறைத் தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் வாத்தியார் வேலையையும் நர்ஸ் வேலையையும் ஊழியம் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னதில் அதன் எதிரொலி உண்டு. என் அம்மா அப்படிச் சொல்கிற டீச்சர்.

ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேலையே அழைப்பு என்றால், வேலை போனால் அழைத்தவர் ஃபோனை வைத்துவிட்டார் என்றுதானே பொருள்? வேபர் விரிவாக எடுத்துப் பேசும் 17ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரிடம் இந்தக் கண்ணி இறுகிவிடுகிறது. நேரத்தை வீணாக்குவது பெரும் பாவம். நேர்மையாக அதிகம் சம்பாதிக்கும் வழி திறந்திருக்கும்போது குறைவானதைத் தேர்ந்தால் கடவுளின் காரியஸ்தனாக இருக்க மறுக்கிறாய் என்கிற அளவுக்குப் போகிறார் அவர். எங்கள் பாஸ்டர் பாக்ஸ்டரைப் படித்திருக்கமாட்டார். அதற்குத் தேவையும் இல்லை. அது காற்றிலேயே கலந்துவிட்ட ஒன்று. என்னிடமும் இருந்தது. வேலை போன அடுத்த நாளே காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன், யாரோ மேலிருந்து கணக்குப் பார்க்கிற மாதிரி.

*

தாலந்து உவமையோடு மோதிக் காயப்பட்டவர்களில் எனக்கு நெருக்கமானவர் ஜான் மில்டன். 1649இல் மன்னன் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு இங்கிலாந்தில் அமைந்த குடியரசில் அவர் அயல்மொழிச் செயலர். வெளிநாட்டு அரசுகளுக்குப் போகும் கடிதங்களை லத்தீனில் ஆக்குவது முக்கிய வேலை. ஏஐ முதலில் கைவைத்த தொழில்களில் ஒன்று மொழிபெயர்ப்பு என்பதால் இதைச் சொல்கிறேன். 1652 வாக்கில் அவருக்கு இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டது. வயது 43. பிற்பாடு உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1657இல் உதவியாக வந்தவர்களில் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல்லும் ஒருவர். கண் போனதைப் பற்றி மில்டன் எழுதிய 14 வரி சானட் 1673 தொகுப்பில் அச்சாகியது.

அந்தக் கவிதையின் முதல் பாதி முழுக்கக் கணக்குப் பாஷை. செலவு, ஒப்படைத்த தாலந்து, எஜமான் திரும்பிவந்து கேட்கப்போகும் கணக்கு. மில்டனின் அப்பா பத்திரம் எழுதுபவர், கடன் கொடுக்கல் வாங்கலும் பார்த்தவர். மகன் வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்கள் இவை. கண்ணை எடுத்துக்கொண்ட கடவுள் கண்ணுள்ளவனிடம் எதிர்பார்க்கும் வேலையையே என்னிடமும் எதிர்பார்ப்பாரா என்று கேட்கத் துடிக்கிறது மனம். அங்கே பொறுமை என்னும் குரல் குறுக்கே வருகிறது. கடவுளுக்கு யாருடைய உழைப்பும் தேவைப்படவில்லை என்கிறது அது. ஓடுகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கடைசியில், நின்றபடி காத்திருப்பதையும் ஊழியத்தில் சேர்த்துவிட்டுக் கவிதை முடிந்துவிடுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, கவிதை நடுவழியில் உவமை மாறிவிடுவது. பகல் வெளிச்சம், நாள்கூலி, நின்று காத்திருத்தல் எதுவும் மத்தேயு 25இல் கிடையாது. எல்லாம் மத்தேயு 20இன் திராட்சத்தோட்டத்தில் இருக்கின்றன. (மில்டன் ஆய்வாளர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள், என் கண்டுபிடிப்பு இல்லை.) தாலந்துக்காரனாகப் புலம்பத் தொடங்கியவர், கூலியாளாக நின்றுகொண்டு முடிக்கிறார். இருபது வருடக் கூலியைக் கையில் வைத்து நடுங்குகிறவனிலிருந்து, ஒருநாள் கூலிக்குத் தெருவில் நிற்கிறவனாக இறங்கியிருக்கிறார். அந்த இறக்கத்தில்தான் அவருக்கு மூச்சு கிடைக்கிறது.

இந்தக் கவிதையை வழக்கமாகச் சொல்லித்தரும் விதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஆசிரியர் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: இப்படிக் காத்திருந்த மில்டன்தான் பின்னாளில் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி எழுதவைத்து, 1667இல் 'பாரடைஸ் லாஸ்ட்' வெளியிட்டார். உண்மைதான். அப்படிச் சேர்த்தவுடனே காத்திருப்பு ஒரு முதலீடாகிவிடுகிறது. புதைத்த தாலந்து பத்து மடங்காக முளைத்த கதை! பொறுமையின் குரல் எதைத் தேவையில்லை என்று சொன்னதோ அதையே பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து நடுவீட்டில் உட்காரவைக்கிறோம். சானட்டை எழுதியவருக்குப் 'பாரடைஸ் லாஸ்ட்' வரும் என்று தெரியாது. அவர் அதை எழுதாமலே செத்திருந்தால் சானட் பொய்யாகிவிடுமா?

எங்கள் சபைகளில் 'சாட்சி' என்று ஒரு இலக்கிய வடிவம் இருக்கிறது. இலக்கியம் என்றே சொல்கிறேன், அதற்கு அவ்வளவு கறாரான இலக்கணம் உண்டு. வேலை போச்சு, கடன் ஏறுச்சு, முழங்காலில் நின்னேன், ஒரு வசனம் கிடைச்சுது, மூன்றாம் மாதம் முன்பைவிட இருமடங்கு சம்பளத்தில் வேலை. மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறவர் எப்போதும் கதையின் கடைசிப் பக்கத்தில் நிற்பவர். நடுப்பக்கத்தில் இருப்பவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லை. அவருக்காக ஜெபம் பண்ணுவார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு, ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் வேலை என்ற சொல் பெருத்துவிட்டது. மேடையில் சாட்சிகளும் குறையவில்லை. இரண்டும் ஒரே கட்டிடத்தில் நடந்தாலும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்வதில்லை. உன் மதிப்பு வேலையில் இல்லை என்பதற்கு ஆதாரமாக, புது வேலை கிடைத்தவரைத்தான் மேடையேற்றுகிறோம்.

*

திராட்சத்தோட்ட உவமை மத்தேயுவில் மட்டுமே உள்ளது. வீட்டெஜமான் விடியற்காலையில் போய், நாளுக்கு ஒரு தெனாரியம் பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறான். திரும்பவும் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்குப் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும் ஐந்து மணிக்கும் போகிறான். அப்போதும் தெருவில் சிலர் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம்.

நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்கும் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பில் அவர்கள் கடைத்தெருவில் 'சும்மா' நிற்கிறார்கள். கிரேக்க மூலத்தின் 'ஆர்கோஸ்' என்ற சொல்லுக்கு வேலையற்ற என்பதுதான் நேர்ப்பொருள். ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'ஐடில்' என்று போட்டது. அதில் சோம்பேறி என்ற குத்தல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மாவில் அந்தக் குத்தல் கட்டாயமில்லை. எங்கள் ஊரில் சும்மா வந்தேன் என்றால் அன்பினால் வந்தேன் என்று அர்த்தம். தாயுமானவர் மரபில் சும்மா இருத்தல் எட்ட முடியாத உச்சம். மொழிபெயர்த்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் தமிழில் வாசிக்கும்போது அந்த ஐந்து மணி ஆட்கள்மேல் குற்றம் விழாமல் இருப்பதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

வேலை போனவன் என்கிற முறையில் நானும் அந்த ஐந்து மணிக் கூட்டத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்றுதான் ஆசைப்பட்டேன். அது ஆறுதலான இடம். ஆனால் உவமையை நாலைந்து முறை வாசித்தபின் என் குரல் வேறு இடத்திலிருந்து கேட்டது. காலையிலிருந்து வெயிலில் பாடுபட்டவர்கள் முறுமுறுக்கிறார்களே, அங்கிருந்து.

எங்கள் டீமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரீகன்சிலியேஷன் என்று ஒரு வேலை உண்டு. வங்கி அனுப்பும் செட்டில்மென்ட் ஃபைலையும் நம் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்; எங்கோ ரவுண்டிங்கில் பத்துப் பைசா இடிக்கும், ரீஃபண்ட் இரண்டு முறை பதிவாகியிருக்கும். அதை நான் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயிற்று. ஒருமுறை முப்பத்தேழு பைசாவுக்காக மூன்று வாரம் தூங்காமல் அலைந்திருக்கிறேன். அவள் ஏஐ உதவியோடு அதே மாதிரி ஒரு மாட்யூலை இரண்டு நாளில் முடித்துக் கொண்டுவந்தாள். "அண்ணா, கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்" என்றாள். நான் பார்த்தேன், தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியோடு. இரண்டு தப்பு இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் அதை அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள்.

அவளால் என் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. காலை ஆட்களுக்கும் பேசின கூலி முழுசாகக் கிடைத்தது. குறைந்தது ஒன்றுதான்: இவர்களைவிட நான் மேல் என்கிற இடைவெளி. என் மதிப்பு என்று நான் தூக்கிக்கொண்டு திரிந்தது வேலைகூட இல்லை போலிருக்கிறது, அந்த இடைவெளிதான். அதை இந்த உவமை இரக்கமில்லாமல் வெளியே இழுத்துப் போடுகிறது. எல்லோரும் சமமாகிவிட்டதுதான் அங்கே புகாரே.

இந்த இடத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேலையிழந்தவனிடம் போய், "பெருமையை விடு, கிருபையை ஏத்துக்கோ" என்று இந்த உவமையை நீட்டுவது சுலபம். நான்கூட இரண்டு நாள் அப்படி என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் உவமையின் எஜமான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். ஒரு மணி நேர வேலைக்கு ஒருநாள் கூலி கொடுத்த நஷ்டம் அவனுடையது. எங்கள் கதையில் நடந்தது தலைகீழ். அந்தப் பெண்ணும் நானும் சமமாக்கப்பட்டோம், நிஜம்தான்: மீட்டிங் அழைப்பு வந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. மிச்சமான கூலி எஜமானிடமே நின்றுவிட்டது. இதைக் கிருபை என்று பிரசங்கிப்பது வேதத்துக்குச் செய்யும் அநியாயம்.

ஜான் ரஸ்கின் இதைக் கூலிக் கணக்காகவே வாசித்தவர். இந்த உவமையிலிருந்து தலைப்பை எடுத்து 1860இல் அவர் 'கார்ன்ஹில்' இதழில் எழுதிய கட்டுரைகளுக்கு எதிர்ப்பு பலமாக இருந்ததால், ஆசிரியர் தாக்கரே நான்கோடு நிறுத்திவிட்டார். 1862இல் அவை நூலாயின. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியிடம் நண்பர் ஹென்றி போலக் கொடுத்த புத்தகம் அதுதான். காந்தி ராத்திரி முழுவதும் தூங்கவில்லை; அதே ஆண்டு ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். நிறமோ நாடோ பாராமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுண்டு என்று முடிவானதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். 1908இல் அந்நூலைக் குஜராத்தியில் சுருக்கி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இந்த உவமையைச் சம்பளப் பட்டியலாகவே அமல்படுத்திப் பார்த்தார். சபைகள் ஏன் அப்படிச் செய்து பார்க்கவில்லை என்று ஊரில் ஒரு ஐயரிடம் கேட்டேன் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்). சிரித்தார்.

கத்தோலிக்கத் தரப்பில் இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமான யோசனை இருக்கிறது. 2025 மே மாதம் தேர்வான போப் பதினான்காம் லியோ, 1891இல் தொழிலாளர் பிரச்சினை பற்றிச் சுற்றறிக்கை எழுதிய பதின்மூன்றாம் லியோவின் நினைவாகப் பெயரைத் தேர்ந்ததாகவும், இன்றைய தொழிற்புரட்சி செயற்கை நுண்ணறிவு என்றும் பதவியேற்ற நாட்களிலேயே சொன்னார். அந்த வரிசையில் 1981இல் இரண்டாம் ஜான் பால் எழுதிய வேலை பற்றிய சுற்றறிக்கையை வாசித்தேன். வேலையின் மதிப்பு என்ன வேலை என்பதைப் பொறுத்ததில்லை, செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது என்பது அதன் மையம். பாக்ஸ்டரிடமிருந்து எவ்வளவோ தூரம். ஆனாலும் அந்த மனிதர் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும் மனிதராகவே இருக்கிறார். எனக்கு இன்னும் பதில் கிடைக்காத ஆள் ஒருவர் உண்டு. எஜமான் ஐந்து மணிக்கும் வந்து போய்விட்டான், அதற்குப் பிறகும் தெருவில் நிற்கிறவர். உவமை அவரைப் பற்றிப் பேசவில்லை. மில்டனின் பொறுமை மட்டும்தான் கிட்டத்தட்ட அவர் பக்கம் வருகிறது.

*

போன மாதம் ஊரில் அசனப் பண்டிகை. சாதாரணமாக நான் வருடா வருடம் அசனத்துக்கு ஒரு தொகை அனுப்புகிறவன். கணிசமாகவே அனுப்புவேன், அதில் ஒரு கெத்தும் உண்டு. இந்த வருடம் அனுப்பவில்லை. அதனாலேயே போக மனமில்லை. அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சோறும் கறிக்குழம்பும் வாளி வாளியாகப் போய்க்கொண்டிருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பரிமாறுகிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கரண்டி மாறாது.

ஓரமாக நின்றவனைச் சொந்தக்கார மாமா ஒருவர் பார்த்துவிட்டார்.

"என்னடே, லீவா?"

"இல்ல மாமா. வேல போயிட்டு."

"அப்ப இப்ப என்ன செய்த?"

"சும்மாதான் இருக்கேன்."

ஐயோ பாவம் என்று ஏதாவது சொல்வார், கூடவே ஒரு வசனமும் சொல்வார் என்று தயாராகிக்கொண்டேன். அவர் பந்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மாதான நிக்க, அந்த ரச வாளியத் தூக்கு. மூணாம் பந்திக்கு ஆளில்ல" என்றார்.

வாளியைத் தூக்கியதும் ஒரு சந்தோஷம் வந்தது. ஒருவர் கூப்பிட்டுவிட்டார் என்பதில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே எரிச்சலாகவும் இருந்தது. ரசம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. காலில் கொட்டிக்கொள்ளாமல் மூன்றாம் பந்தியின் முதல் ஆளிடம் போய்க் குனிந்தேன். "கொஞ்சமா ஊத்து தம்பி" என்றார்.